ஆணிக்காரர் வீட்டுத் திண்டு

ஆணிக்காரருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய வாய். சோபாவுக்குத் துணி அடிக்க உட்கார்ந்தால் ஒரு பிடி சின்ன ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குத் தள்ளுவார், காந்தம் வைத்த சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ளும், ஒரே தட்டு. தெருவில் மற்ற சோபாக்கடைக்காரர்கள் பின் அடிக்கும் துப்பாக்கி வாங்கி வருஷக்கணக்காகிறது. இவரும் ஒன்று வாங்கினார். அது 'டப்' என்று வெடித்தபோதெல்லாம் இவர் 'ஐயோ' என்றார். ஒரு சோபாவுக்கு நானூறு பின், நானூறு ஐயோ. பக்கத்துக் கடைக்காரர் வந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகு துப்பாக்கி அட்டைப்பெட்டிக்குள் போனது, அப்புறம் வெளியே வரவில்லை.

பதட்டம் அவருக்குக் கூடவே பிறந்தது. ரயில் பத்து மணிக்கு என்றால் ஏழரைக்கே பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு முன்னால் போய், அதற்கு முந்தைய ரயிலில் ஏறி வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார், நாலு படி இறங்குவார், திரும்ப ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் அந்த இழுப்பு தாங்காமல் பூட்டு கையோடு வந்துவிட்டது.

"பாத்தியா, நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு" என்றார் மனைவியிடம்.

மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்தெட்டு வருஷமாக அலறிக்கொண்டு வரும் குரல்களை "லைன்ல இருங்க" என்று சொல்லி நிறுத்தி வைத்தே பழகியவள். வீட்டிலும் அதே வைத்தியம்தான். இவர் பதறுவார், அவள் "லைன்ல இருங்க" என்பாள், அதற்குள் பாதி விஷயம் தானாகச் சரியாகிவிடும்.

ஒரே மகள். அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போனதும், ஆணிக்காரர் நாளைக்கு ஆறு தடவை போன் செய்தார். சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா, கேஸை மூடினியா, மூடினதை ஒரு தடவை பாத்தியா? நாலாவது மாதம் அவள், "அப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை பேசினாப் போதும்பா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே ஒரு தடவைதான் போன் செய்தார். மிச்சம் ஐந்து தடவைக்கான கவலை போக்கிடம் இல்லாமல் உடம்புக்குள்ளேயே தங்கி, ரத்த அழுத்தமாக ஏறிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "டென்ஷன் ஆகாதீங்க" என்றார். டென்ஷன் ஆகிவிடுவோமோ என்று வழியெல்லாம் டென்ஷன் ஆகிக்கொண்டே ஆணிக்காரர் வீடு வந்தார்.

"டாக்டர் மாத்திரை குடுத்துட்டாரு. நான் ஒரு பூனை குடுக்கறேன்" என்றாள் மனைவி.

"பூனையா? சோபாக்கடைலயா? வெல்வெட்டுல நகத்தை வெச்சுதுன்னா என் பொழப்பு என்னம்மா ஆகுறது?"

"லைன்ல இருங்க."

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் இருந்தார். நிராதரவான பூனைகளைத் தன் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பது அவர் வழக்கம். கொடுக்கும் முன் அவர் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, பெண் கொடுக்கிற வீட்டார்கூட அவ்வளவு துருவ மாட்டார்கள். ஜன்னலுக்குக் கம்பி உண்டா, கம்பிக்கும் கம்பிக்கும் எத்தனை விரல் இடைவெளி, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது? ஆணிக்காரர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அவர் கேட்க மறந்த நாலு கேள்விகளையும் எடுத்துக் கொடுத்தார்.

நர்ஸ் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஒன்று திரைச்சீலையில் ஏறியது. ஆணிக்காரர் "ஐயோ" என்றார். ஒன்று அலமாரியிலிருந்து குதித்தது, "ஐயையோ" என்றார். நர்ஸ் குட்டிகளைப் பார்க்கவில்லை, இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குக் குட்டி ஒத்து வராது" என்று சொல்லிப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில், வெள்ளை வயிற்றோடு ஒரு பெரிய பூனை மல்லாந்து கிடந்தது. மெஷின் ஆடுகிற ஆட்டத்துக்கு அதன் கன்னம்கூட ஆடியது. கண் மட்டும் திறக்கவில்லை.

"உயிரோடதான் இருக்கா?" என்று கேட்டார் ஆணிக்காரர்.

"ஆறு வயசு. பேரு திண்டு. மூணு வாரம் வெச்சுப் பாருங்கண்ணே. இருபத்தோராவது நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் வருவேன். எல்லாம் சரியா இருந்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன். எனக்குத் திருப்தி இல்லேன்னா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, தூக்கிட்டுப் போயிடுவேன். அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்க, போதும்."

வாரத்துக்கு ஒரு வரி எழுதுகிற ஆளா இவர்? மறுநாள் காலையிலிருந்து நர்ஸின் போனில் செய்தி வந்து விழுந்தது. '7.10. தூங்குகிறான். 7.25. தூங்குகிறான். 7.40. மறுபக்கம் திரும்பித் தூங்குகிறான். ஏதாவது பிரச்சனையா?' பத்தரைக்கு நர்ஸ், 'அண்ணே, டியூட்டியில் இருக்கிறேன்' என்று ஒரே வரியில் பதில் போட்டார். அதற்குப் பிறகு ஆணிக்காரர் ஒரு நோட்டு வாங்கி அதில் எழுத ஆரம்பித்தார். மூச்சு வருகிறதா என்று பார்க்க மூக்கடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தார். கண்ணாடியில் ஆவி படிந்தது. திண்டு ஒரு கண்ணைத் திறந்து இவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

வெல்வெட் பயமும் வீணாகப் போனது. நகத்தால் பிறாண்டுவதும் ஒரு வேலைதானே, அதை யார் செய்வது என்று திண்டு விட்டுவிட்டான் போலிருக்கிறது. வீட்டின் கீழ்த்தளம்தான் கடை. காலையில் ஆணிக்காரர் ஷட்டரைத் தூக்கினால் அவன் பின்னாலேயே நடந்து வந்து, ஃபோம் துண்டுகள் குவிந்த மூலையில் சரிந்துவிடுவான். ஒரு சாண் தள்ளி ஆணி அடித்தாலும் காது அசையாது. முதல் வாரம் இவர் வேலையை நிறுத்தி நிறுத்தி அவனைப் பார்த்தார். இரண்டாம் வாரம் ஒரு கை சுத்தியலிலும் ஒரு கை அவன் முதுகிலுமாக இருந்ததை அவரே கவனிக்கவில்லை. மூன்றாம் வாரம் பூட்டை ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டுப் படி இறங்கினார். மனைவிக்கு மயக்கம் வராத குறை.

டாக்டர் அழுத்தம் பார்க்கிற கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். இறங்கியிருந்தது. மாத்திரையின் வேலை என்று டாக்டர் நினைத்தார். ஆணிக்காரருக்கு நிஜம் தெரியும். அந்தப் பூனைமேல் அவர் உயிரையே வைத்துவிட்டார். நர்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டால் தன் கதி என்ன என்பது ஒன்றுதான் அவருக்கு இப்போது பாக்கியிருந்த கவலை. நோட்டில் எழுதுவதுகூடக் குறைந்துபோய், கடைசிப் பக்கங்களில் 'நன்றாக இருக்கிறான்' என்று மட்டும் இருந்தது.

இருபத்தோராவது நாள் வந்தது. அன்றைக்கென்று பல் டாக்டர் கிளினிக்குக்குச் சோபா போகவேண்டும். மூன்று பேர் உட்காருவது, கரும்பச்சை ரெக்ஸின், பகல் பன்னிரண்டுக்குள் வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்து, சோபாவைக் கவிழ்த்துப் போட்டாயிற்று. அடியில் கறுப்புத் துணியை இழுத்துச் சுற்றிவர ஆணி அடித்தால் தீர்ந்தது. அப்போது போன் அடித்தது. மகள். அவளாகவே, இவர் கூப்பிடாமலே!

"அப்பா, இன்னிக்குத்தானே அந்த நர்ஸ் வர்றாங்க? பயப்படாதீங்க. குடுத்துடுவாங்க" என்றாள்.

ஆணிக்காரர் வாசலில் நின்று பத்து நிமிஷம் பேசினார். திரும்பி வரும்போது கால் தரையில் பாவவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் திண்டு கவிழ்ந்து கிடந்த சோபாவைச் சுற்றி வந்து பார்த்திருக்கிறான். உள்ளே சீட்டைத் தாங்குகிற பட்டையும் சாக்குத்துணியுமாக இருட்டாக, கதகதப்பாக ஓர் இடம். இவனுக்காகவே செய்த இடம் என்று நினைத்திருப்பான், ஏறிப் படுத்துவிட்டான். ஆணிக்காரர் சந்தோஷத்தில் ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டார். கறுப்புத் துணியை விரித்தார். மகளை நினைத்துக்கொண்டே சுற்றிவர அடித்து முடித்தார். பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்தைக்கூடச் சரிபார்க்காமல் விட்டதில்லை. கவலையில்லாமல் இருந்த அந்த ஒரு நாளில் வினை வந்து உள்ளே படுத்துக்கொண்டது.

பிறகு சோபாவை நிமிர்த்தினார். திண்டு பட்டையிலிருந்து சரிந்து கறுப்புத் துணிமேல் விழுந்திருக்க வேண்டும். துணி தொட்டில் போலத் தொய்ந்து அவனைத் தாங்கிக்கொண்டது. வேறு பூனையாக இருந்தால் ஊரைக் கூட்டியிருக்கும். இவன் இன்னும் வசதியாகப் போய்விட்டதென்று புரண்டு படுத்திருப்பான்.

வண்டிக்காரர் ஒரு பக்கம் தூக்கிவிட்டு, "என்னண்ணே, இந்தத் தடவை கனமா இருக்கு?" என்றார்.

வாயில் மிச்ச ஆணி இருந்ததால் ஆணிக்காரர் "ம்ம்" என்று பெருமையாகத் தலையாட்டினார். நல்ல மரம் போட்டால் கனக்கத்தானே செய்யும்.

ஒன்றரை மணிக்கு மனைவி அரைநாள் லீவு போட்டு வந்தாள். "திண்டு எங்கேங்க?"

ஆணிக்காரர் மூலையைப் பார்த்தார். ஃபோம் குவியலில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. பூனை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல நாள் போதாது. கட்டிலைத் தூக்கினார், பீரோவை நகர்த்தினார், தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்தார். தெருவில் "திண்டு, திண்டு" என்று கத்திக்கொண்டு ஓடி, எதிரே வந்தவர்களிடம் கையை அகல விரித்து அளவு காட்டினார். சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தார். மனைவி "லைன்ல இருங்க" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டிருந்தது. மணி இரண்டேகால். ஐந்துக்கு நர்ஸ் வந்துவிடுவார்.

போன் அடித்தது. பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண்.

"சார், சோபாவுல மோட்டார் ஏதும் வெச்சிருக்கீங்களா?"

"மோட்டாரா?"

"நடு சீட்டு அடியில 'குர்ர்'ன்னு ஓடிக்கிட்டே இருக்கு சார். வெதுவெதுன்னு வேற இருக்காம். அதுல உக்கார்றவங்க யாரும் எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. பேரைக் கூப்பிட்டா, அடுத்தவங்களை அனுப்புங்க, நான் அப்புறம் வர்றேன்னு சொல்றாங்க. சுவிட்ச் எங்க இருக்குன்னு டாக்டர் கேக்கச் சொன்னாரு."

ஆணிக்காரர் போனை அப்படியே போட்டார். ஆணி பிடுங்கியை எடுத்துக்கொண்டு, ஒரு கால் செருப்போடு ஆட்டோவில் ஏறினார்.

கிளினிக்கில் நடு சீட்டில் கன்னம் வீங்கிய ஒரு பெரிய உருவம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தது. "ஐயா, எழுந்திரிங்கய்யா!" என்று அலறினார் ஆணிக்காரர்.

"டாக்டர் கூப்பிட்டே போகலை. நீங்க யாரு?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"உள்ளே என் பூனை இருக்கு!"

அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் பல்வலியே மறந்திருக்கும். நாலு பேர் சேர்ந்து சோபாவை மெதுவாகப் பின்னால் சாய்த்தார்கள். கறுப்புத் துணியின் நடுவில் பெரிய தொப்பை தொங்கியது. அது மேலும் கீழுமாக மூச்சு விட்டது. ஆணிக்காரர் தரையில் மண்டியிட்டு ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார். பன்னிரண்டாவது ஆணி வந்ததும் துணி பிரிந்து, திண்டு அப்படியே அவர் மடியில் வழுக்கி விழுந்தான். வெளிச்சம் கண்ணில் பட்டதும் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டான். மாஸ்க்கோடு வெளியே வந்த பல் டாக்டர் பழக்க தோஷத்தில் குனிந்து உள்ளே பார்த்தார்.

"பல்லெல்லாம் சுத்தமா இருக்கு" என்றார்.

ஆணிக்காரர் பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில் தேம்பித் தேம்பி அழுதார். கன்னம் வீங்கியவர் குனிந்து, "கொஞ்ச நேரம் இங்கேயே விட்டுட்டுப் போறீங்களா? அடுத்தது என் பேருதான்" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைச் சாத்திவிட்டுத் திட்டம் சொன்னாள். "இதைச் சிஸ்டர்கிட்ட மூச்சு விடக் கூடாது. சொன்னீங்க, அந்த நிமிஷமே திண்டு போயிடுவான்."

"எனக்கு அடக்க வராதேம்மா."

"வாயில ஆணியைப் போட்டுக்கிட்டு வேலை பாக்கற மாதிரி உக்காந்துக்குங்க. பேச்சை நான் பாத்துக்கறேன்."

ஐந்து மணிக்கு நர்ஸ் வந்தார். ஃபோம் குவியலில் பழைய பள்ளத்திலேயே கிடந்த திண்டுவின் காதைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ஈறைத் தூக்கிப் பார்த்தார். முதுகிலிருந்து ஒரு கறுப்பு நூலை எடுத்தார்.

"கடைன்னா நூல் இல்லாமலா சிஸ்டர்" என்றாள் மனைவி.

நர்ஸ் ஆணிக்காரரின் நோட்டைப் புரட்டிச் சிரித்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். "ரொம்பத் திருப்தி அக்கா. கடைசியா ஒரே ஒரு கேள்வி, எல்லார்கிட்டயும் கேப்பேன். இந்த மூணு வாரத்துல இவனுக்கு ஆபத்துன்னு ஏதாவது நடந்துச்சா?"

"சே, அதெல்லாம் ஒண்ணுமே இல்லை" என்றாள் மனைவி.

நர்ஸ் பேனா மூடியைத் திறந்தார். வாயில் ஆணியோடு ஸ்டூலில் இருந்த ஆணிக்காரர் தகர மூடியைக் கையில் எடுத்தார். டிங் என்று ஓர் ஆணி அதில் விழுந்தது. மனைவி கண்ணால் கெஞ்சினாள். டிங். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். டிங், டிங், டிங். பதினாலு ஆணியும் வெளியே வந்து சேர்ந்தன. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் அவனைச் சோபாவுக்குள்ள வெச்சு அடிச்சுட்டேன் சிஸ்டர்" என்றார் ஆணிக்காரர். அப்புறம் மடை உடைந்தது. போன் வந்தது, துணி அடித்தது, வண்டியில் ஏற்றியது, பல்வலிக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவன்மேல் உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும் சொன்னார். "மூணு மணி நேரம் உள்ளேயே இருந்திருக்கான். அதுல முதல் ரெண்டு மணி நேரம் எனக்கு அவன் காணாமப் போனதே தெரியாது. நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த வீட்டுல குடுக்கும்போது ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுங்க. இவன் எங்க மாட்டிக்கிட்டாலும் கத்த மாட்டான். நாமதான் போய்ப் போய்ப் பாக்கணும். அடிக்கடி பாக்கணும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் பேனாவை மூடிவிட்டுத் திண்டுவின் தலையைத் தடவினார்.

"இது நாலாவது வீடுண்ணே" என்றார். "முதல் வீட்டுல, பொம்மை மாதிரி கிடக்கு, போரடிக்குதுன்னு திருப்பிக் குடுத்தாங்க. ரெண்டாவது வீட்டுல இதை எடுத்துக்கிட்டுக் குட்டி குடுங்கன்னு கேட்டாங்க. மூணாவது வீட்டுல துணி அலமாரிக்குள்ள போய்ப் படுத்திருக்கான். கவனிக்காமக் கதவைச் சாத்திட்டாங்க. ரெண்டு நாள். தண்ணியில்லை, சோறில்லை. கத்தலை. நான் எதேச்சையாப் போய்ப் பூனை எங்கேன்னு கேட்டேன். எங்கேயாவது கிடக்கும் சிஸ்டர், அவனுக்கென்னன்னு சொல்லிட்டு டிவி பாத்துக்கிட்டிருந்தாங்க. நான்தான் ஒவ்வொரு கதவாத் திறந்து பாத்தேன்."

ஆணிக்காரர் "ஐயோ" என்றார்.

"நீங்க எங்கெல்லாம் தேடினீங்க?"

"எல்லா இடத்துலயும்" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சர்க்கரை டப்பாவைக்கூடத் திறந்து பாத்தாரு."

"அதுக்குள்ள எப்படிண்ணே இவ்வளவு பெரிய பூனை இருக்கும்?"

"இருந்துட்டா?" என்றார் ஆணிக்காரர்.

நர்ஸ் படிவத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் 'இந்த வீட்டுக்கு ஏன் கொடுக்கலாம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நிதானமாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு நீட்டினார். ஆணிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'வீட்டில் பதறுகிற ஆள் ஒருவர் இருக்கிறார்' என்று எழுதியிருந்தது.

இந்த ஐம்பத்து மூன்று வயதுக்குள் அவர் அந்தக் குணத்துக்காக வாங்கிய திட்டுக்கும் கேலிக்கும் மாத்திரைக்கும் அளவில்லை. அதுவே ஒரு தகுதி என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. எழுத்து கலங்கித் தெரிந்தது. சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார், இன்னொரு தடவையும் படித்தார். பிறகு படிவத்தை நர்ஸிடமே திருப்பி நீட்டி, தேதி சரியாகப் போட்டிருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார்.